ஒரு பல் யாருக்குச் சொந்தம்?



பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னம் என்று ஓர் ஊர் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அந்த ஊரின் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது. காரணம், அங்கே மண் தோண்டியபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை கிடைத்துவிட்டது என்று யாரோ கைபேசியில் தட்டிவிட, செய்தி காட்டுத் தீயாய்ப் பரவியது!

பிறகு நிபுணர்கள் பார்த்தார்கள். அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரினத்தோடு தொடர்புடைய படிவுக் கற்கள் என்று விளக்கினார்கள். "பூ, இவ்வளவுதானா!" என்று பலருக்கும் ஏமாற்றம்.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெரம்பலூரில் கடல் ஏது? கடலே இல்லாத ஊரில் கடல் உயிரினம் எப்படி வந்தது? முட்டையை விடப் பெரிய அதிசயம் அல்லவா இது!

அந்த அதிசயத்தைப் பற்றியும், அந்தப் பக்கத்து மண்ணில் கிடைக்கும் பழங்காலக் கடல் பிராணிகளின் பற்களைப் பற்றியும் இந்த வாரம் பார்ப்போம். கூடவே ஒரு கேள்விக்கும் விடை தேடுவோம். பத்துக் கோடி ஆண்டுப் பழமையான ஒரு பல் உங்கள் காலடியில் கிடந்தால், அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாமா? அது யாருக்குச் சொந்தம்?

கடல் வந்து போன ஊர்கள்

சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா இப்போது இருக்கும் இடத்தில் இல்லை. தெற்கே இருந்த மாபெரும் கண்டம் ஒன்று உடைந்து, அதன் துண்டுகளில் ஒன்றாக நம் நாடு மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அப்போது அதன் கிழக்குக் கரை தாழ்ந்து, இன்றைய அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களின் ஒரு பகுதிக்குள் கடல் புகுந்தது. அங்கேயே பல லட்சம் ஆண்டுகள் தங்கியது. விலகியது. மறுபடி வந்தது.

அந்தக் கடலில் இறந்த உயிர்கள் அடியில் விழுந்தன. சேறு மூடியது. சேற்றின் மேல் சேறு சேர்ந்து இறுகிப் பாறையானது. உயிர்களின் ஓடும் எலும்பும் பல்லும் மெல்ல மெல்லக் கல்லாக மாறின. இவற்றைத்தான் புதைபடிவம் என்கிறோம். ஆங்கிலத்தில் பாசில் என்று படித்திருப்பீர்கள்.

சில வீடுகளில் பூஜை அறையில் சாளக்கிராமம் வைத்திருப்பார்கள். நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் அந்தக் கருங்கல்லுக்குள் சக்கரம் போல வரிகள் தெரியும் அல்லவா? அந்தச் சக்கரமும் அம்மோனைட்டின் புதைபடிவம்தான். அம்மோனைட், கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றின் தூரத்து உறவு. முதுகில் சுருள் ஓட்டைச் சுமந்துகொண்டு கடலில் நீந்தியது.

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை, குளக்காநத்தம் கிராமங்களுக்கு இடையே மழைநீர் அரித்த செம்பழுப்பு நிலம் இருக்கிறது. மரம், செடி அதிகம் இல்லாமல் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். பார்த்தால் 'எதற்கும் ஆகாத பூமி' என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, நாட்டின் புவியியல் நினைவுச் சின்னங்களில் ஒன்றாக அதைச் சேர்த்திருக்கிறது. ஏனென்றால் அந்த நிலம் ஒரு காலத்தில் கடலடிச் சேறு! ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து, உள்ளே இருக்கும் புதைபடிவங்கள் தாமாகவே மேலே தலைகாட்டுகின்றன.

மீனைப் போல ஒரு பல்லி

அந்தக் கடலில் சுறாக்கள் இருந்தன. அவற்றோடு இக்தியோசர் என்ற பிராணியும் இருந்தது. இக்தியோசர் என்றால் கிரேக்க மொழியில் 'மீன்பல்லி' என்று பொருள். பார்வைக்கு ஓங்கில் போல இருக்கும். நீண்ட மூக்கு, பெரிய கண்கள், துடுப்பு போன்ற கால்கள், பிளவுபட்ட வால். ஆனால் அது மீனும் அல்ல, ஓங்கிலைப் போலப் பாலூட்டியும் அல்ல. பல்லி, முதலை, ஆமை போல ஊர்வன இனத்தைச் சேர்ந்தது. மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்து போகும். முட்டையிடாமல் கடலிலேயே குட்டி போட்டது.

இங்கே ஒரு திருத்தம். இக்தியோசரைப் பலரும் 'கடல் டைனோசர்' என்கிறார்கள். அது தவறு. டைனோசர்கள் நிலத்தில் வாழ்ந்த வேறு ஒரு கூட்டம். டைனோசர்கள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தன. அதற்கு இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாகவே இக்தியோசர்கள் கடலிலிருந்து மறைந்துவிட்டன.

சரி, உடம்பு முழுவதும் கிடைக்காமல் பல் மட்டும் அதிகம் கிடைப்பது ஏன்?

இரண்டு காரணங்கள். முதலாவது, உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் மேல் இருக்கும் எனாமல். எலும்பு நொறுங்கினாலும் பல் தாக்குப்பிடிக்கும். இரண்டாவது, நமக்குப் பால்பல் விழுந்து ஒரே ஒரு முறைதான் மறுபடி முளைக்கும். ஊர்வனவற்றில் பலவற்றுக்கு அப்படி இல்லை. விழ விழ முளைத்துக்கொண்டே இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே வாயைத் திறந்தபடி வெயில் காயும் முதலையைப் பாருங்கள். ஒரு முதலை தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்த்துவிடும். இக்தியோசரும் பழைய பல்லை உதிர்த்துப் புதிய பல்லை முளைக்கவிட்டது. சுறாவும் அப்படித்தான். ஆகவே ஒரே ஒரு பிராணி கடலடியில் எத்தனையோ பற்களை விட்டுச் சென்றிருக்கும்.

பல் பேசும்

"பல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று கேட்கிறீர்களா? பல் நிறையப் பேசும்!

கூம்பு வடிவில், நீள நீளமாக வரிகள் ஓடினால், வழுக்கும் இரையைக் குத்திப் பிடிக்கும் பல். தட்டையாகக் கத்தி போல இருந்து, ஓரத்தில் ரம்பம் போல் பற்கள் இருந்தால் சதையை அறுக்கும் பல். மழுங்கி அகலமாக இருந்தால் ஓட்டை நொறுக்கும் பல். நுனி தேய்ந்திருந்தால் கடினமான உணவைத் தின்றது என்று பொருள்.

குஜராத்தின் கட்ச் பகுதியில், லோடாய் கிராமத்துக்கு அருகில், சுமார் ஐந்தரை மீட்டர் நீள இக்தியோசரின் எலும்புக்கூடு கிடைத்தது. ஏறக்குறைய முழுதாக! வயது சுமார் 15 கோடி ஆண்டுகள். டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் குண்டுபள்ளி பிரசாத்தும் அவரது குழுவினரும் 2017ஆம் ஆண்டு அதைப் பற்றி எழுதினார்கள். அதன் பற்களில் இருந்த தேய்மானத்தைப் பார்த்து, அது ஓடுள்ள கடினமான இரைகளைத் தின்றிருக்க வேண்டும் என்று கணித்தார்கள். யாரும் பார்த்திராத பிராணியின் சாப்பாட்டு வேளையைப் பல் சொல்லிவிட்டது!

நம் ஊர்க் கதை இன்னும் பழையது. 1840களில் ஆங்கிலேய அதிகாரிகளான கேய், கன்லிப் என்ற இருவர் தென்னிந்தியாவில் சேகரித்த புதைபடிவங்கள் லண்டன் போய்ச் சேர்ந்தன. எட்வர்டு போர்ப்ஸ் என்ற அறிஞர் 1846இல் அவற்றைப் பற்றி எழுதினார். பிறகு ஹென்றி பிளான்போர்டு என்ற புவியியலாளர் இந்தப் பகுதிகளை ஆராய்ந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். நம் ஊர்ப் பெயர்கள் உலகப் புவியியல் நூல்களில் ஏறின! ஊட்டத்தூர் தொகுதியில் கிடைத்த முதுகெலும்புகளைப் பார்த்து, 1879இல் ரிச்சர்டு லிடெக்கர் 'இக்தியோசரஸ் இண்டிகஸ்' என்று பெயர் சூட்டினார். 'இந்திய மீன்பல்லி' என்று பொருள். 130 ஆண்டுகள் கழித்து, 2011இல், காரைப் பகுதியில் கிடைத்த சுறாப் பற்களையும் இக்தியோசர் எச்சங்களையும் பற்றி இந்திய, வெளிநாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

தாம்பரத்தில் தேடினால் கிடைக்குமா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வண்டலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் உடனே இதைத்தான் கேட்பீர்கள். கிடைக்காது!

பரங்கிமலையிலும் பல்லாவரம், திரிசூலம் குன்றுகளிலும் இருப்பது சார்னோகைட் என்ற கல். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கு இந்த வகைக் கல்தான் சென்னைப் பக்கமிருந்து போனது. அதனால் 1893இல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். அது பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான கல். அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அப்போது உலகில் பல் உள்ள பிராணி எதுவுமே இல்லை. வெந்து உருவான கல்லில் பல்லைத் தேடுவது, இட்லிச் சட்டியில் ஐஸ் கட்டியைத் தேடுவது போல!

ஆனால் நம் வட்டாரத்துக்கு வேறொரு பெருமை உண்டு. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்ற புவியியலாளர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பார்த்தால் சாதாரணக் கல். உற்றுப் பார்த்தால் மனிதக் கைகள் செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று முதன்முதலில் காட்டியது அதுதான்.

அந்தக் கல் ஏன் இவ்வளவு புகழ் பெற்றது? கல் அழகாக இருந்ததாலா? இல்லை. எந்த இடத்தில், எந்த நாளில், எந்த மண்ணில் எடுத்தேன் என்று அவர் எழுதி வைத்தார். பிற்காலத்தில் அவர் சேகரித்த பொருள்களைச் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கிப் பாதுகாத்தது. எழும்பூர் போனால் பார்க்கலாம். ஒருவேளை பூட் அதை வீட்டு மேசையில் காகிதத்தின் மேல் பாரமாக வைத்துவிட்டிருந்தால்? பல்லாவரத்தின் பெயர் பாடப்புத்தகத்தில் ஏறியிருக்காது.

இதுதான் நம் கேள்விக்கான முதல் பாடம். இடம் தெரியாத பல், பதிவெண் எழுதாத விடைத்தாள் போன்றது. உள்ளே எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அது யாருடையது என்று தெரியாது. மதிப்பெண் போட முடியாது.

காணாமல் போன ராட்சதன்

அரியலூர் மாவட்டம் கல்லமேடு பகுதியில் ஒரு மாபெரும் டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. 1980களில் அதைப் பற்றி எழுதிய யாதகிரி, அய்யாசாமி ஆகிய ஆய்வாளர்கள், 'புருகத்காயோசரஸ்' என்று பெயர் வைத்தார்கள். 'பெரிய உடல் கொண்ட பல்லி' என்று பொருள். அதன் கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர் நீளம்! உங்கள் வகுப்பறைக் கதவின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகில் வாழ்ந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள்.

அந்த எலும்புகள் இப்போது எங்கே? எங்கும் இல்லை! அவை நொறுங்கிப் பொடிந்து போய்விட்டன. மிச்சம் இருப்பவை அன்று வரைந்த படங்களும் எடுத்த புகைப்படங்களும் எழுதிய குறிப்புகளும்தான். 2022இல் அந்தப் பழைய புகைப்படங்களை வைத்து மறுபடி ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். எலும்பு போன பிறகும் குறிப்பு உயிரோடு இருந்ததால்தான் அது முடிந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? எல்லாவற்றையும் தொடாமல் அப்படியே மண்ணில் விட்டுவிட்டாலும் புதைபடிவம் பிழைக்காது. வெயிலும் மழையும் தின்றுவிடும். ஆகவே சேகரிப்பது குற்றம் அல்ல. சேகரிக்கத்தான் வேண்டும். யார், எப்படிச் சேகரிப்பது என்பதுதான் கேள்வி.

விலைக்கு வரும் பற்கள்

ஆப்பிரிக்காவில் மொராக்கோ என்ற நாடு இருக்கிறது. அங்கே உரம் தயாரிக்கப் பாஸ்பேட் வெட்டும் சுரங்கங்களில் மோசசர் என்ற இன்னொரு கடல் ஊர்வனவின் பற்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தோண்டி விற்றுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் பல. அந்தப் பற்கள் உலகம் முழுவதும் கடைகளில் விற்பனைக்குப் போகின்றன.

விற்பனை என்று வந்துவிட்டால் கலப்படமும் வரும் அல்லவா? ஒரு பல்லின் நுனியையும் வேறொரு பல்லின் வேரையும் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். வெறும் தாடைக்கல்லில் எங்கெங்கோ கிடைத்த பற்களை வரிசையாகப் பதித்துவிடுகிறார்கள். வாங்குகிறவருக்குத் தெரியாது.

இதில் அறிவியலே சிக்கிக்கொண்ட கதையும் உண்டு. மொராக்கோவிலிருந்து வந்த ஒரு தாடையை வைத்து 2021இல் 'ஜீனோடென்ஸ்' என்று புதிய மோசசர் இனம் ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள். அதன் பற்கள் ரம்பம் போல நெருக்கமாக இருந்தன. உலகமே வியந்தது. ஆனால் 2024 டிசம்பரில் கனடா நாட்டு ஆய்வாளர்கள் ஒரு சந்தேகம் எழுப்பினார்கள். ஒரே குழியில் இரண்டு பற்கள் இருப்பது எப்படி? இந்தப் பற்கள் பிற்பாடு மனிதர் கையால் ஒட்டப்பட்டவையாக இருக்கலாமே! சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும் என்றார்கள். அந்தத் தாடை எந்தக் குழியில், யார் முன்னிலையில் எடுக்கப்பட்டது என்ற பதிவு இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

நாட்டுக்கு நாடு ஒரு விதி

பிரேசில் நாட்டில் 1942ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் தெளிவு. மண்ணுக்குள் இருக்கும் புதைபடிவம் நாட்டின் சொத்து. தனியார் விற்க முடியாது. அந்த நாட்டிலிருந்து ஜெர்மனிக்குப் போய்விட்ட 'உபிராஜரா' என்ற சிறிய டைனோசரின் புதைபடிவத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பிரேசில் மக்கள் பெரும் குரல் எழுப்பினார்கள். 2023இல் அது சொந்த நாடு திரும்பியது.

இங்கிலாந்தில் வேறு விதம். அங்கே தெற்குக் கடற்கரையில் லைம் ரீஜிஸ் என்ற ஊர் இருக்கிறது. மேரி ஆனிங் என்ற ஏழைச் சிறுமி அங்கேதான் வாழ்ந்தாள். 1811இல் அவள் அண்ணன் ஜோசப் ஓர் இக்தியோசரின் மண்டை ஓட்டைக் கண்டான். மறு ஆண்டு மேரி மீதி உடம்பைக் கண்டுபிடித்தாள். அப்போது அவளுக்கு வயது 12 அல்லது 13. உங்கள் வயதுதான்! அப்பா இறந்துவிட்ட குடும்பம். புதைபடிவங்களை விற்றுத்தான் சோறு. வசதியான ஆண்கள் அவற்றை வாங்கி ஆராய்ந்து பெயர் வாங்கினார்கள். மேரியின் பெயரைப் பல இடங்களில் குறிப்பிடக்கூட இல்லை. இன்று அவள்தான் அந்த ஊருக்கே பெருமை.

இன்று அந்தக் கடற்கரையில் ஓர் ஒழுங்குமுறை உண்டு. கரையில் உதிர்ந்து கிடப்பதை எடுக்கலாம். பாறையைக் குடையக் கூடாது. முக்கியமானது கிடைத்தால் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். இதே நாட்டின் சாமர்செட் கடற்கரையில் 2020ஆம் ஆண்டு 11 வயதுச் சிறுமி ஒருத்தி தன் அப்பாவுடன் நடந்தபோது ஒரு பெரிய எலும்புத் துண்டைக் கண்டாள். இருவரும் அதை அறிஞர்களுக்குத் தெரிவித்தார்கள். அது சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ராட்சத இக்தியோசரின் தாடை. நீளம் சுமார் 25 மீட்டர் இருக்கலாமாம்! 2024 ஏப்ரலில் 'இக்தியோடைட்டன்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அறிவியல் கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் அந்தச் சிறுமியின் பெயரும் இருக்கிறது. மேரிக்குக் கிடைக்காத மரியாதை அவளுக்குக் கிடைத்தது.

நம் நாட்டில் என்ன நிலை?

பழைய சிலை, நாணயம், ஓலைச்சுவடி போன்ற மனிதர் செய்த தொல்பொருள்களைக் காக்க 1972இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் புதைபடிவங்களுக்கென்று தனிச் சட்டம் வரவில்லை. காரை, சாத்தனூர், திருவக்கரை, பரங்கிமலை போன்ற இடங்களுக்குப் புவியியல் நினைவுச் சின்னம் என்ற பட்டம் மட்டும் கிடைத்தது. சட்டம் இல்லாத பட்டம், பல் பிடுங்கிய பாம்பு மாதிரிதானே?

அதனால் 2022 டிசம்பரில் மத்திய சுரங்கத் துறை ஒரு சட்ட வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. வரைவு என்றால் சட்டமாவதற்கு முந்தைய மாதிரி. முக்கியமான இடங்களைத் தேசியச் சிறப்புமிக்க இடம் என்று அறிவிக்கலாம். அங்கே புதிய கட்டடம் கட்டத் தடை. சேதப்படுத்துவோருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். இப்படி அதில் எழுதியிருந்தார்கள்.

"நல்லதுதானே!" என்பீர்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அறிஞர்கள் சிலர் கவலையும் தெரிவித்தார்கள். எல்லா அதிகாரமும் ஒரே துறையிடம் போனால், கல்லூரி மாணவரும் ஆராய்ச்சியாளரும் ஒரு பல்லை எடுக்கக்கூட அனுமதிக்காகக் காத்துக் கிடக்க வேண்டுமே! அதற்குள் நாலு மழை பெய்துவிட்டால்? பல துறையினரும் சேர்ந்த குழு ஒன்று முடிவெடுக்கட்டும் என்றார்கள் அவர்கள்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். அரியலூர் என்றதும் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது சிமென்ட் ஆலைகள். சிமென்ட் செய்யச் சுண்ணாம்புக்கல் வேண்டும். அந்தச் சுண்ணாம்புக்கல் எது? பழைய கடலின் அடியில் சிப்பிகளும் ஓடுகளும் சேர்ந்து இறுகியதுதான்! புதைபடிவங்கள் நிறைந்த பாறையையே வெட்டி அரைத்துச் சூளையில் இடுகிறோம். வீட்டுக்கு வீடு மாடி எழும்பும் நம் தாம்பரம், மேடவாக்கம் போன்ற புறநகர்களுக்குச் சிமென்ட் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. சுரங்க வேலையை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. சுரங்கம் வெட்டுவதால்தான் பல புதைபடிவங்கள் கண்ணுக்கே தெரிகின்றன என்பதும் உண்மை.

ஒரு பையன் ஒரு பல்லைப் பையில் போட்டால் குற்றம், ஒரு பொக்லைன் இயந்திரம் ஆயிரம் பற்களை அள்ளிக்கொண்டு போனால் கேள்வி இல்லை என்றால் அது நியாயமாகுமா? சட்டம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பேச வேண்டும். சுரங்கம் வெட்டும் இடங்களில், வெட்டுவதற்கு முன்னும் வெட்டும்போதும் புவியியல் தெரிந்தவர்கள் வந்து பார்க்க வேண்டும். கிடைத்ததை உள்ளூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டும். அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1840களில் லண்டன் போனவை போகட்டும். இனிமேல் கிடைப்பவை, அந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் பஸ்ஸில் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்க வேண்டாமா?

எனவே, என் கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான். பல் கண்டெடுத்தவருக்குப் பெருமை சொந்தம். பல் மட்டும் எல்லோருக்கும் சொந்தம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

நான் வகுப்பெடுத்த காலத்திலிருந்து பார்க்கிறேன். தபால் தலை, தீப்பெட்டிப் படம், மயிலிறகு, சோழி என்று எதையாவது சேர்க்காத பிள்ளை இல்லை. சேர்க்கும் ஆசை நல்ல ஆசை. விஞ்ஞானிக்கும் அந்த ஆசைதான் முதலீடு. அதற்குக் கொஞ்சம் ஒழுங்கு கற்றுக்கொடுத்தால் போதும்.

* அரியலூர், பெரம்பலூர் பக்கம் சுற்றுலா போனால் காரை நிலத்தையும், சாத்தனூர்க் கல்மரத்தையும், வாரணவாசி அருங்காட்சியகத்தையும் கண்டிப்பாகப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து விழுப்புரம், விருத்தாசலம் வழியாக அரியலூருக்கு ரயிலிலேயே போகலாம். சுமார் 240 கிலோமீட்டர்தான். சாத்தனூர்க் கல்மரம் 18 மீட்டர் நீளம். 1940இல் எம்.எஸ்.கிருஷ்ணன் என்ற தமிழ்ப் புவியியலாளர் கண்டுபிடித்தது.

* விசேஷமான கல்லோ பல்லோ கண்ணில் பட்டால் பிடுங்காதீர்கள், உடைக்காதீர்கள், கழுவாதீர்கள். முதலில் படம் எடுங்கள். அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையோ அடிக்கோலையோ வைத்து எடுங்கள். கைபேசியில் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

* நாள், ஊர், மண்ணின் நிறம், கூட வேறு என்ன கிடந்தது என்று நோட்டில் எழுதுங்கள்.

* ஆசிரியரிடமோ, கிராம நிர்வாக அலுவலரிடமோ, அருகில் உள்ள அருங்காட்சியகத்திலோ தெரிவியுங்கள். கல்லூரிப் புவியியல் துறைக்கும் எழுதலாம்.

* சுரங்கக் குழிக்குள்ளும் மண் சரியும் மேட்டிலும் பெரியவர்கள் இல்லாமல் இறங்கவே கூடாது. பல்லுக்காகப் பல்லை உடைத்துக்கொள்ள வேண்டாம்!

* 'டைனோசர் முட்டை', 'டிராகன் பல்' என்று கைபேசியில் படம் வந்தால் உடனே அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். யார் பார்த்தது, யார் ஆராய்ந்தது என்று கேளுங்கள். குன்னத்தில் முதலில் பரவியது வதந்தி. உண்மை நடந்து வந்தது.

வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்யுங்கள். உங்கள் தெருவில் கிடக்கும் ஐந்து கற்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எடுத்த இடம், நாள், நிறம், எடை எல்லாம் எழுதி ஒரு பழைய அட்டைப் பெட்டியில் வையுங்கள். வீடு கட்ட வந்த ஜல்லியா, ஏரிக்கரைக் கல்லா, குன்றிலிருந்து வந்த சார்னோகைட்டா என்று கண்டுபிடியுங்கள். பல்லாவரத்தில் பூட் செய்ததும் இதைத்தான். பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் ஒரு சின்னச் சீட்டில் எழுதிய ஊர்ப் பெயரில்தான் தொடங்கியிருக்கின்றன.

என்ன, உங்கள் பெட்டிக்கு முதல் சீட்டை எழுதத் தயாரா?